நூல் எங்க வாங்குது?

வணக்கங்க. கேட்டுக்கிட்டிருக்க எல்லாருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்துல தையக்கடை வச்சிருக்கேன், ஜாக்கெட், பாவாடை சட்டை, ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தைக்கிறது. என்னை இங்க ரேடியோவுக்குக் கூப்பிட்டது, டவுனுக்குள்ள இருக்க சின்னப் பார்க்குக்குப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போறதைப் பத்திப் பேசச் சொல்லி. தையக்காரிக்கும் பார்க்குக்கும் என்ன சம்மந்தம்னு கேப்பீங்க, இருக்குங்க, வரேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பார்க்குன்னதும் நம்ம ஜில்லா ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காதான். பெரிய கோயிலுக்குப் பக்கத்துலயே இருக்கு, 1871-72 வாக்குல முனிசிபாலிட்டி போட்டது, நூத்தம்பது வருஷம் தாண்டிடுச்சு, உள்ள குளம், மரம், எல்லாம் இருக்கு. நல்ல இடம்ங்க, நான் குறை சொல்லவே இல்ல. ஆனா அங்க போகணும்னா லீவு வேணும், பஸ் ஏறணும், புளிசாதம் கட்டணும், வீட்டுக்காரருக்கு மூடு இருக்கணும், இதெல்லாம் கூடி வந்து போய்ச் சேந்தா புள்ளைங்க ஓடி ஆடி முடிக்கறதுக்குள்ள "வா வா, கோயிலுக்கு வேற போகணும்"னு கையப் புடிச்சு இழுத்துடுவோம். வருஷத்துக்கு ஒருக்கா அப்படிப் போங்க, வேணாங்கல. நான் சொல்ற பார்க் வேற. செருப்ப மாட்டுனா போயிடலாம், அம்புட்டுக் கிட்டக்க இருக்கறது.

எங்க கடைக்குப் பின்னால ஒரு கல்யாண மண்டபத்து மதிலுக்கும் தண்ணி டேங்குக்கும் நடுவுல ஒரு சந்து போகும், ஒரு டூவீலர் வந்தா எதுத்தாப்புல வர்ற ஆளு சுவத்தோட ஒட்டி நிக்கணும், அந்தச் சந்து முடியற எடத்துல இரும்பு கேட்டு, அதுக்குள்ளதாங்க பார்க். ரொம்ப வருஷமா அதே தெருவுல குடியிருக்கறவங்களே "இங்க பார்க்கா, எங்க?"ன்னு என்கிட்ட கேட்டிருக்காங்க. உள்ள பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு சறுக்கு, அது சித்திரை வெயில்ல தொட்டா கை பொத்துடும். ஊஞ்சல் கம்பி இருக்கு, ஊஞ்சல் இல்ல, சங்கிலி எப்பவோ போயிடுச்சு. நாலு சிமெண்டு பெஞ்சு. அப்புறம் மரம். புங்கை மூணு நாலு, நடுவுல ஒரு பெரிய தூங்குமூஞ்சி, வேலியோரம் செம்பருத்தி, பின்னாடி வாய்க்கால், அந்தக் கரையில வரிசையா பூவரசு. முடிஞ்சுது.

சாயங்காலம் ஸ்கூல் விட்டா தெருப்புள்ளைங்க என் கடையிலதான் உக்காந்திருக்கும், அம்மா அப்பா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும். உக்காந்திருந்தா பரவால்ல, பொத்தான் டப்பாவக் கவுக்கும், மார்க் போடற சாக்கட்டிய எடுத்து தரையெல்லாம் கிறுக்கும், ஒரு வாண்டு டேப்ப இழுத்து இழுத்து அறுத்தே போட்டுச்சு. இதுங்கள எங்கயாவது கொண்டுபோய் மேச்சாதான் ஆகும்னு, பக்கத்துல பூ கட்டற அக்காவக் கடையப் பாத்துக்கச் சொல்லிட்டு, அதுங்க அம்மாமாருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டு, அந்தச் சந்து வழியா ஓட்டிக்கிட்டுப் போக ஆரம்பிச்சதுதான். இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

மொத நாள் எந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போனாலும் இதான் நடக்கும், சறுக்குல நாலு தடவை ஏறி எறங்கும், ஊஞ்சல் இல்லியான்னு மூஞ்சியத் தூக்கும், பத்து நிமிஷத்துல "அத்தை போரடிக்குது, போன் குடுங்க"ன்னு வந்து நிக்கும். அப்பதாங்க பெரியவங்க வாய மூடிக்கிட்டு இருக்கணும். அதான் நமக்கு வராது. "இது என்ன மரம் சொல்லு, அந்தக் காக்கா எத்தனை எண்ணு"ன்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவோம். வேணாங்க. போரடிக்கட்டும். போரடிச்சாதான் புள்ளை கீழ குனிஞ்சு பாக்கும். மறுநாளும் அதே பார்க், அதுக்கு மறுநாளும் அதே பார்க், இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், கோச்சுக்காதீங்க, வேற வேற பார்க் வேணாம், ஒரே பார்க்குக்குப் போங்க.

இப்ப எறும்பு கதைக்கு வரேன். இதைச் சொல்லத்தான் நான் பஸ் ஏறி வந்ததே.

அந்தப் புங்கை மரத்துல தாழக் கிளையில இலையெல்லாம் சேத்து உருண்டையா ஒரு கூடு இருந்துச்சு. செவப்பு எறும்பு, நாங்க முசுறும்போம், மாமரம் நாவமரம்னு நம்ம கொல்லையில இல்லாத எடமா, எல்லாரும் கடி வாங்கியிருப்பீங்க. ஒரு பொடியன், ரெண்டாங்கிளாஸ் படிக்கறவன், அந்தக் கூட்டுக்குக் கீழயே நிக்கறான். மத்ததெல்லாம் ஓடிப்புடிச்சு ஆடுது, இவன் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கறான். செத்த நேரம் கழிச்சு வந்து கேட்டான் பாருங்க, "அத்தை, நீங்க தைக்கறதுக்கு பெரிய கடைத்தெருவுல நூல் வாங்குறீங்க, இந்த எறும்பு நூல் எங்க வாங்குது?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. இத்தினி வருஷம் தைக்கறேன், எனக்கு இது தோணல பாருங்க. கூட்டுல இலைக்கும் இலைக்கும் நடுவுல வெள்ளையா ஒரு படலம் இருக்கும், கிட்ட நின்னு பாத்தா தெரியும், அதைத்தான் அவன் கேக்கறான். நான் எச்சின்னு சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லல. எனக்குத் துணி குடுக்கற ஒரு காலேஜ் மேடம் இருக்காங்க, விலங்கியல் எடுக்கறவங்க, அவங்க பிளவுஸ் வாங்க வந்தப்ப புடிச்சு உக்கார வச்சுக் கேட்டேன்.

அவங்க சொன்னதக் கேளுங்க. மொதல்ல எறும்பெல்லாம் வரிசையா ஒரு இலையோட ஓரத்துல நின்னு பக்கத்து இலைய எட்டிப் புடிச்சு இழுக்குமாம். எட்டலன்னா ஒரு எறும்பு இடுப்ப இன்னொரு எறும்பு கவ்வி, அதை இன்னொண்ணு கவ்வி, சங்கிலி போட்டு இழுக்குமாம். ரெண்டு இலையும் ஒட்டி வந்ததும் இழுத்துப் புடிச்சுக்கிட்டே நிக்கும், நாம துணிய குண்டூசி குத்தி நிறுத்தறோம்ல, இங்க குண்டூசிக்குப் பதிலா ஆளே நிக்குது. சரி, நூலு? பெரிய எறும்புகிட்ட நூல் கெடையாதுங்க. அதோட குழந்தை, இன்னும் எறும்பா ஆகாத வெள்ளைப் புழு, அதுகிட்டதான் நூல் இருக்கு. வேலைக்கார எறும்பு கூட்டுலேர்ந்து அந்தப் புழுவ வாயில கவ்விக்கிட்டு வந்து, இந்த இலையில ஒரு தொடு, அந்த இலையில ஒரு தொடு, மாத்தி மாத்தித் தொட வைக்கும், புழு வாயிலேர்ந்து பட்டு நூல் வந்துகிட்டே இருக்கும். மத்த எறும்பு வகையில பல புழுவுங்க அந்த நூலால தனக்கு ஒரு கூடு கட்டிக்கிட்டு உள்ள படுத்துக்குமாம், இந்த முசுறுப் புழு தனக்குன்னு கட்டிக்கறதே இல்ல, அம்புட்டு நூலையும் வீட்டுக்கே குடுத்துடுது.

மறுநாள் அந்தப் பொடியன்கிட்ட இதைச் சொன்னேன். அவன் தாத்தா திருபுவனத்துல தறி நெய்யறவர். கேட்டுட்டு ஒரே வார்த்தையில சொல்லிட்டான், "தாத்தா தறியில நாடா அங்கிட்டும் இங்கிட்டும் போற மாதிரி, புள்ளைய வச்சு நெய்யுது." நாடான்னா தறியில குறுக்கு நூலக் கொண்டு போறது. நான் மேடம்கிட்ட அம்புட்டு நேரம் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டத அவன் ஒரு நொடியில முடிச்சிட்டான். திருபுவனம் பட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு, அதான் இது இந்த ஊரு சரக்குன்னு குடுக்கற முத்திரை, கெடச்சுது, பெருமையா சொல்லிக்கறோம், அந்தப் பட்டும் ஒரு புழு வாயிலேர்ந்து வர்றதுதானே, ஒரு பட்டுக்கூட்டுல ஒரு கிலோமீட்டர் நீளம் வரைக்கும்கூட நூல் இருக்குமாம். நம்ம பார்க்குல ஓசியில நடக்குது அதே வேலை, பாக்கத்தான் ஆள் இல்ல.

அப்புறம் என்ன, எல்லாப் புள்ளையும் எறும்பு பாக்க ஆரம்பிச்சாச்சு. இலை காஞ்சு பழுப்பேறிப் போனா எறும்பு அந்தக் கூட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடும், காத்துல அது கீழ விழும். அப்படி விழுந்த ஒண்ண நல்லா தட்டிப் பாத்துட்டு, என் கத்திரிய வச்சே நறுக்கிப் பிரிச்சுக் காட்டுனேன், உள்ள வெள்ளைப் படலம் அடுக்கடுக்கா, இழுத்தா டக்குன்னு அறுபடாது. ஒரு பொண்ணு கேட்டுச்சு, "அத்தை இது ஓவர்லாக்கா?"ன்னு, துணி ஓரம் பிரியாம அடிக்கறோம்ல, அந்தத் தையல். எப்படி இருக்கு பாருங்க.

கடிக்காதான்னு தாய்மாருங்க கேப்பீங்க. கடிக்கும்ங்க, பொய் சொல்லல. கடிச்ச எடத்துல புளிப்பான ஒரு அமிலத்த வேற பீச்சும், அதான் அந்த எரிச்சல். சோப்பு போட்டுக் கழுவுனா செத்த நேரத்துல அடங்கிடும். கூட்டைத் தொடக்கூடாது, கை கட்டிக்கிட்டுப் பாக்கலாம், அதான் எங்க சட்டம். ஒடிசாவுல இந்த எறும்பையே அரைச்சு சட்னி பண்றாங்க, அந்தச் சிமிலிபால் சட்னிக்கும் 2024-ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு. இதைச் சொன்னதுலேர்ந்து எங்க புள்ளைங்க இட்லிக்குத் தொட்டுக்க கேக்குதுங்க, அது வேற கதை.

எறும்போட நின்னுச்சான்னா இல்ல. தையக்காரியாச்சே, விட்டுடுவேனா, அந்த வேலியோரச் செம்பருத்தியில தையல்சிட்டு இருக்கு. உள்ளங்கையில அடங்கற குருவி, வாலை நட்டுக்கிட்டுத் திரியும், ஆனா சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும், "டுவீட் டுவீட் டுவீட்"னு விடாம. ரேடியோவுல படம் காட்ட முடியாது, சத்தம்தானே போட முடியும், அதான் போட்டேன். அது அலகால இலையோரத்துல ஓட்டை போட்டு, பஞ்சையோ சிலந்தி நூலையோ உள்ள விட்டு இழுத்துத் தைக்கும். நாம ஓட்டறது நீளத் தையல், அது அப்படி இல்ல, ஒவ்வொரு ஓட்டையிலயும் தனித்தனியா. குஞ்சு பறந்துபோன பழைய கூட்டைப் பாத்தாதான் தெரியும். முட்டை இருக்கறப்ப எட்டிப் பாக்கவே விடமாட்டேன், அதுல நான் கண்டிப்பு.

பூவரசு இலையில பீப்பி ஊதறது உங்க எல்லாருக்கும் தெரியும். இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தெரியல, அதான் சொல்றேன். இலையச் சுருட்டணும், ஒரு முனைய விரலால சப்பையா நசுக்கணும், நசுக்குன பக்கத்த உதட்டுல வச்சு ஊதணும். இருங்க, பையில ஒண்ணு கொண்டாந்திருக்கேன்... கேட்டுச்சா? ரேடியோ மேடம் சிரிக்கறாங்க இங்க. ஒரு பெரியவர் அந்த சிமெண்டு பெஞ்சுல வந்து உக்காருவாரு, அவருதான் புள்ளைங்கள்ட்ட சொன்னாரு, நாயனத்துல, அதான் நாதஸ்வரத்துல, வாய் வச்சு ஊதற சீவாளியும் இதே கணக்குதான், சப்பையா இருக்க வாய்க்குள்ள காத்து போறப்ப அதிருது, அந்த அதிர்வுதான் சத்தம்னு. நம்ம நரசிங்கம்பேட்டை எங்க இருக்கு, கும்பகோணத்துலேர்ந்து மாயவரம் ரோட்டுல போனா வந்துடும், அங்க செய்யற நாயனத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு, பழைய வீடு இடிச்ச ஆச்சாமரத்துல கடையறாங்க. சீவாளிக்குத் திருவாவடுதுறை பேர் போனது, ராஜரத்தினம் பிள்ளை ஊரு. இதெல்லாம் சொன்னா புள்ளைங்க இன்னும் சத்தமா ஊதுதுங்க, மண்டபத்து வாட்ச்மேன் சண்டைக்கு வராரு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். அய்யய்யோ, முக்கியமானத வச்சிருந்தேனே. ஓட்டமா சொல்லிடறேன்.

எங்க ஊர்ல பார்க் இல்லியேம்பீங்க. இருக்கும்ங்க, ஒளிஞ்சுகிட்டிருக்கும். புதுசா நகர் போடறாங்கள்ல, மனைப்பிரிவு, அது 3000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா, நம்ம கணக்குல ரெண்டேகால் மா, ரோடு போக மீதியில நூத்துக்கு 10 பங்கு பொது எடமா விடணும், இல்லன்னா அதுக்கு ஈடான பணத்தக் கட்டணும்னு விதி இருக்கு. 10000 சதுர மீட்டருக்கு மேல போனா எடத்தையே தானப்பத்திரம் எழுதி ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ குடுத்துடணும். உங்க மனைப் பத்திரத்தோட லே-அவுட் ஜெராக்ஸ் ஒண்ணு பீரோவுல கெடக்கும், எடுத்துப் பாருங்க, "பார்க்"னு ஒரு கட்டம் இருக்கலாம். அங்க நேர்ல போய்ப் பாருங்க. கருவேலம் மண்டிக் கெடந்தா, இல்ல எவனாவது வேலி கட்டியிருந்தா, நகரமைப்புப் பிரிவுல மனு குடுங்க, நாலு அம்மாமாரா சேந்து போங்க, தனியாப் போகாதீங்க.

போறப்ப தண்ணி பாட்டில், நாலரை மணிக்கு மேல, செருப்பு போட்டு. தூங்குமூஞ்சி இலை மடங்க ஆரம்பிச்சா வீட்டுக்குக் கெளம்பணும், கடிகாரம் வேணாம், புள்ளைங்களே சொல்லிடும். வேற என்ன, ஆங், வாய்க்கால். ஜூன் 12 வாக்குல மேட்டூர் தெறந்து நம்ம பக்கம் தண்ணி வந்துட்டா, பெரியவங்க ஒருத்தர் வாய்க்கால் கரைப் பக்கமா நின்னுக்கணும், பெஞ்சுல உக்காந்து போன் பாக்கக்கூடாது, புள்ளைங்க பூவரசு இலை பறிக்க அங்கதான் ஓடும். அம்புட்டுதாங்க, நேரம் முடிஞ்சுதாம். நன்றிங்க, வணக்கம்.