இன்னொரு கன்சோல் இருப்பதால்தான் நம் பேச்சு எடுபடுகிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். "கேம் கன்சோல் நிறுவனங்களின் போட்டியால் விளையாடுபவருக்கு லாபமா, நஷ்டமா?" என்பது தலைப்பு. கன்சோல் என்றால் டிவியோடு இணைத்து கேம் விளையாடும் பெட்டி. லாபமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தோழி, ஆசைப்பட்ட கேம் ஒரே ஒரு கன்சோலில் மட்டும் வருகிறதே, அதற்காக இன்னொன்று வாங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். ஆன்லைனில் விளையாடக் கட்டணம் ஏன் என்றும் கேட்டார். இரண்டுக்கும் வருகிறேன். ஆனால் போட்டியே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது கற்பனை இல்லை, அப்படி ஒரு காலம் இருந்தது.

1983ல் மட்டமான கேம்கள் குவிந்து அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து, கன்சோல் நிறுவனமான அடாரி நொடித்துப்போக, 1980களின் பிற்பகுதியில் அங்கே ஜப்பானின் நிண்டெண்டோ தனிக்காட்டு ராஜா. அது விதிகள் போட்டது. கேம் வெளியிடும் நிறுவனங்கள் ஆண்டுக்கு 5 கேமுக்கு மேல் கொண்டுவரக் கூடாது, வந்த கேமை 2 ஆண்டுகளுக்கு வேறு கன்சோலுக்குத் தரக் கூடாது, கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜையும் பெரும்பாலும் நிண்டெண்டோவிடமே காசு கட்டிச் செய்துவாங்க வேண்டும். அனுமதி இல்லாத கார்ட்ரிட்ஜ் ஓடாமலிருக்க உள்ளே ஒரு சிப் வேறு. மட்டமான கேம்கள் மறுபடி குவிந்துவிடக் கூடாது என்றுதான் இதெல்லாம் என்றார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே ஆள் முடிவுசெய்தார். போட்டி நிறுவனமான சேகா 1989ல் ஜெனிசிஸ் கன்சோலைக் கொண்டுவந்து, 1991ல் சோனிக் என்ற கேமை ஓடவிட்ட பிறகுதான், "சரி, நாங்கள் அங்கே போகிறோம்" என்று சொல்ல கேம் வெளியிடும் நிறுவனங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

அப்புறம் விலை. 1995 மே, லாஸ் ஏஞ்சலிஸ், இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி முதல்முறை நடக்கிறது. தன் புதிய கன்சோல் சாட்டர்ன் 399 டாலர் என்று சேகா அறிவித்தது. பிளேஸ்டேஷன் கன்சோலோடு வந்த சோனியின் முறை வந்ததும் அதன் அமெரிக்க கேம் பிரிவின் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடைக்குப் போனார், "299" என்றார், இறங்கிவிட்டார். அவ்வளவுதான் பேச்சு! அந்த ஆண்டு முடிவதற்குள் சாட்டர்னும் 299க்கு வந்தது. சேகா தானாக மனமிரங்கியா 100 டாலர் குறைத்தது?

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது 2013ல் நடந்ததைத்தான். தன் புதிய கன்சோல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு மைக்ரோசாஃப்ட் விதிகள் போட்டது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கன்சோல் இணையத்தில் தலைகாட்ட வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கையிலிருந்தும் கேம் ஓடாது. அதை நண்பருக்குக் கொடுத்துவிடலாம் என்றால், அவர் 30 நாளாவது உங்கள் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு கேமை ஒரே முறைதான் கைமாற்றலாம். பழகிய நட்புக்குக் கெடு வைக்க இவர்கள் யார்?

ஜூன் 10, இ3 மேடை. பிளேஸ்டேஷன் 4ல் பழைய டிஸ்க்கை விற்கலாம், கொடுக்கலாம், இணையம் இல்லாமலே விளையாடலாம் என்று சோனியின் ஜாக் டிரெட்டன் சொல்லச் சொல்ல அரங்கம் அதிர்ந்தது. விலையும் 399 டாலர், எக்ஸ்பாக்ஸுக்கு 499. கேமை நண்பரோடு பகிர்வது எப்படி என்று சோனி ஒரு குட்டி வீடியோவும் விட்டது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், இன்னொருவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார், படம் முடிந்தது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளை வாபஸ் வாங்கியது. விளையாடுபவர்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பலம் வந்தது, போய் நிற்க எதிரே இன்னொரு கடை இருந்ததால்.

இப்போது தோழியின் கேள்விகள். ஒரே கன்சோலுக்கு வரும் கேம்களில் இரண்டு ரகம் உண்டு, அவர் இரண்டையும் கலந்துவிட்டார். யாரோ செய்த கேமை அடுத்தவருக்குப் போகாமல் காசு கொடுத்துத் தடுப்பது எனக்கும் பிடிக்காது, அதை நான் தாங்கிப் பேசப் போவதில்லை. ஆனால் 2017ல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலோடு வந்த 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' போன்ற ஒரு கேம் அப்படி அல்ல. தன் கன்சோலை வாங்க ஒரு காரணம் வேண்டும் என்று நிண்டெண்டோ தன் சொந்தப் பணத்தையும் ஆண்டுக்கணக்கான உழைப்பையும் அதில் போட்டது. எதிராளி இல்லையென்றால் அந்த அவசரம் எங்கிருந்து வரும்?

ஆன்லைன் கட்டணத்தைத்தான் தோழி தன் பெரிய ஆயுதம் என்று நினைக்கிறார். அது என் பக்கத்து ஆயுதம். எக்ஸ்பாக்ஸ் கட்டணம் வாங்கிய காலத்தில் பிளேஸ்டேஷன் 3ல் ஆன்லைன் விளையாட்டு இலவசம், அந்த விஷயத்தில் போட்டி இருந்தது. 2013ல் பிளேஸ்டேஷன் 4ம் பெரும்பாலான கேம்களுக்குக் கட்டணத்தைக் கொண்டுவந்தது, 2018ல் நிண்டெண்டோவும் சேர்ந்துகொண்டது. மூவரும் போட்டியை நிறுத்திக்கொண்ட இடத்தில்தான் நம் பையில் கை விழுந்தது. இதே மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் கணினியிலும் அப்படி ஒரு கட்டணம் கேட்டுப் பார்த்தது. அங்கே காசில்லாமல் சேர்ந்து விளையாட எத்தனையோ வழிகள் இருந்தன, 2008ல் அதைக் கைவிட்டது. எதிரணியில் அடுத்து வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி.