ரத்து செய்யப்போவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஊர் சுற்றக் கிளம்புமுன் ஓட்டல் அறை தேடினால், ஒரே அறைக்கு இரண்டு விலை காட்டுவார்கள். குறைந்த விலைக்குக் கீழே பொடி எழுத்தில், 'பணம் திரும்பக் கிடைக்காது'. கூடுதல் விலைக்குக் கீழே, 'கட்டணமின்றி ரத்து செய்யலாம்'. கை தானாகக் குறைந்த விலைக்குப் போகும். என் கையும் போயிருக்கிறது.

புயல், போர், வேலைநிறுத்தம் என்று நிலவரம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பயணம் நின்றால், நிறுத்தப்போவது நாமா, விமான நிறுவனமா?

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை சாம்பல் கக்கியது. ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி ஒரு வாரம் போல மூடிக் கிடந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் பறக்கவில்லை. விமான நிறுவனமே ரத்து செய்தால், எவ்வளவு மலிவான டிக்கெட்டானாலும் பயணி கேட்கும் பணத்தை 7 நாளில் திருப்ப வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி. ஆனால் ஓட்டல்? அது திறந்துதான் இருக்கிறது, மெத்தையும் விரித்தாயிற்று. வராதது நீங்கள். விமானத்தையும் அறையையும் ஒரே தொகுப்பாக வாங்கியிருந்தால் கதை வேறு. தனித்தனியாக வாங்கியிருந்தால் அறைப் பணம் போனதுதான்.

அதனால் கையில் இருக்கிற கூடுதல் காசை நான் ஓட்டலுக்கே கொடுப்பேன், விமானத்துக்கு மலிவு டிக்கெட். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு, செய்தியைப் பார்த்துப் பதறி முந்திக்கொண்டு நீங்களே ரத்து செய்துவிடாதீர்கள். அவர்கள் கைவிரிக்கும்வரை பொறுத்தால் பணம் வரும். வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நிறுத்தப்போவது பெரும்பாலும் நாம்தான். காப்பீடு எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்கு உதவாது.

'தேதியை மாற்றலாம்' என்பதும் 'பணம் திரும்பும்' என்பதும் ஒன்றல்ல. 2020-இல் எத்தனையோ பேர் கையில் பணத்துக்குப் பதில் வவுச்சர்தான் மிஞ்சியது.

கூடுதல் விலை கொடுத்தும் நான் ஒருமுறை ஏமாந்தேன். நள்ளிரவு வரை கெடு. ராத்திரி பத்து மணிக்கு ரத்து செய்தேன். கெடு அந்த ஊர் நேரத்துக்காம். அங்கே அப்போது மறுநாள் ஒன்றரை மணி. இப்போது பதிவு செய்த கையோடு, கெடுவுக்கு முந்தின நாளே அலாரம் அடிக்கும்படி வைத்துவிடுகிறேன்.

நன்றி, வணக்கம்.