வீதியில் ஒரு மேளச்சமா: எங்கே நிற்பது, எதைக் கேட்பது

(காட்சி: இரவு. கோயில் வெளிவீதி மணல். ஆட்கள் தெரியவில்லை. தூரத்தில் நாயனச் (நாதஸ்வர) சத்தம் மட்டும்.)

வணக்கம். போன வருடம் ஆவணியில் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அக்காவின் மகளை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கோடை வந்தால் பூங்காக்களில் நடக்கும் இசை விழாக்களுக்குத் தவறாமல் போகிற பிள்ளை அவள். அரை மணி நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "மாமா, இதில எதைக் கேக்கிறது? எல்லாம் ஒண்டாச் சத்தமாக் கிடக்கு" என்றாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. மேளச்சமா என்றால் சுவாமியை வீதியில் நிறுத்திவைத்து நாயனமும் தவிலும் நெடுநேரம் வாசிப்பது. அன்றிரவு வீதியில் நின்றபடி அவளுக்குச் சொன்னதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப்போகிறேன்.

(காட்சி: பகல். வறண்ட வயல், பனைகள், காற்றில் ஆடும் ஓலை.)

முதலில் காலம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை இங்கே சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். நடுவில் இருக்கும் இந்த உலர்ந்த மாதங்களில் குடாநாட்டின் பெரிய திருவிழாக்கள் வரிசையாக வந்துவிடும். ஆனியில் நயினாதீவு, ஆடியில் மாவிட்டபுரம், ஆடி அமாவாசைக்குப் பிறகு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கும் நல்லூர், ஆவணியில் செல்வச்சந்நிதி. இவற்றுக்கு இடையில் ஊருக்கு ஊர் சின்னக் கோயில்கள். மேடை, நுழைவுச்சீட்டு, கதிரை எதுவும் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கால் வைத்தால் போதும்.

நல்லூருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அங்கே நேரம் என்றால் நேரம்தான், சுவாமி சொன்ன நேரத்துக்கு வெளியே வந்துவிடும். வாகனம் உள்ளே விடமாட்டார்கள், தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். அதனால் முக்கால் மணி நேரம் முந்தியே போய்விடுங்கள். ஆனால் இரவு நெடுக உட்கார்ந்து மேளம் கேட்கவேண்டும் என்றால் ஊர்க் கோயில்தான் என் தெரிவு. சப்பறத் திருவிழா, பூங்காவனம் போன்ற இரவுகளில் இரண்டு மூன்று கூட்டம் மேளம் பிடித்திருப்பார்கள்.

(காட்சி: நாதஸ்வரத்தின் வாய்ப்பகுதி, மிக அருகில். நூலில் தொங்கும் சீவாளிகள்.)

இப்போது நாயனத்தைக் கிட்டப் பாருங்கள். உடல் ஆச்சா மரம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் இதைக் கடைந்தெடுக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. விரல் வைக்க ஏழு துளை, கீழே இன்னும் ஐந்து. அந்த ஐந்தில் சிலவற்றை மெழுகால் அடைத்துத்தான் சுருதியைச் சரிசெய்வார்கள். ஆனால் ஒலி பிறக்கிற இடம் அந்த நுனியில் இருக்கிற சீவாளி. காவிரிக்கரையில் விளையும் நாணலைப் பக்குவப்படுத்திச் செய்தது, விரல்நகத்தை விடக் கொஞ்சம் பெரிய பொருள். வாசிக்கத் தொடங்குவதற்கு முன் வித்துவான் அதை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே இருப்பார். காற்று உலர்ந்த நாட்களில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால்தான் நூலில் நாலைந்து சீவாளி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கூடவே தொங்கும் குச்சி, சீவாளியின் வாயை விரித்துச் சரிபார்ப்பதற்கு.

ஒரு காலத்தில் திமிரி என்கிற குட்டை நாயனம்தான் எல்லா இடத்திலும். சுருதி உச்சத்தில் இருக்கும். இப்போது நாம் கேட்கிற நீண்ட பாரி நாயனத்தைப் பரப்பியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. சத்தம் இறங்கியது, இனிமை கூடியது. ஆனாலும் இது வீட்டுக்குள் வாசிக்கிற வாத்தியம் அல்ல. சுவர் இல்லாத இடத்துக்கு என்றே பிறந்தது.

அடுத்தது தவில். பலா மரத்தைக் குடைந்த உடல். வலந்தலையை இறுக இழுத்துக் கட்டியிருக்கும், அதில் கையும் விரல்களும். விரல்களில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் கூடு. துணியும் பசையும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்தது, கல் மாதிரி இருக்கும். இடந்தலை சற்றுத் தளர்ந்திருக்கும், அதில் பூவரசம் கம்பு. நடு இரவில் பனி இறங்கியதும் தோல் தளரும். இரண்டு உருப்படிக்கு நடுவே தவில்காரர் குனிந்து வாரை இழுப்பதைப் பார்த்தால், 'என்ன நிறுத்திவிட்டார்கள்' என்று எழுந்து போய்விடாதீர்கள். பொறுங்கள். அதற்குப் பிறகுதான் நல்ல வாசிப்பு வரும்.

(காட்சி: மேலிருந்து வீதியின் வரைபடம். சுவாமி, மேளம், சனம்.)

சரி, எங்கே நிற்பது? பன்னிரண்டு வயதில் நான் தவிலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பேன், விரல் ஓடுவதைப் பார்க்கும் ஆசையில். ஒரு நாள் ஒரு கிழவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "தம்பி, உதில நிண்டா தவில் மட்டும்தான் கேக்கும். இஞ்சால வா." முப்பது நாற்பது அடி தள்ளி, நாயனத்தின் அணைசு, அதாவது விரிந்த கீழ்முனை, பார்க்கிற பக்கமாகச் சற்றுச் சரிவாக என்னை நிறுத்தினார். அந்த இடத்தில் நாயனமும் இரண்டு தவிலும் தாளமும் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. இன்றுவரை அந்தக் கணக்குத்தான் எனக்கு. அக்காவின் மகளையும் அங்கேதான் நிறுத்தினேன்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையையும் சொல்லவேண்டும். ஒரு கோயிலில் நாலு பெரிய ஸ்பீக்கர் பெட்டி அடுக்கி, தவிலுக்கு மூக்கடியில் மைக் வைத்திருந்தார்கள். வலந்தலையில் விழுந்த சொல் ஒன்றும் பிரியவில்லை, இரைச்சல்தான். முன்னால் இருந்த குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன், நாயனத்துக்கு ஒரு மைக், அதுவும் தாழ்வாக. தவிலுக்கு வேண்டவே வேண்டாம்.

(காட்சி: பகல், இரவு என இரண்டு படங்கள். ஒலியின் போக்கைக் காட்டும் கோடுகள் வளைகின்றன.)

மைக் இல்லாமல் தூரத்துக்கு எப்படிக் கேட்கும் என்று நீங்கள் கேட்கலாம். பகலில் தரை சூடாக இருக்கும், தரையோடு ஒட்டிய காற்றும் சூடு. அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை ஆறியதும் கீழே குளிர் காற்று, மேலே சூடு. ஒலி கீழ்நோக்கி வளையும். யாழ்ப்பாணத்தில் மறிப்பதற்கு மலையும் இல்லை. அதனால்தான் அடுத்த ஊர் மேளம் உங்கள் பாய்வரைக்கும் வருகிறது.

(காட்சி: சுவாமி வெளியே வருகிறது. தீவர்த்தி வெளிச்சம்.)

சுவாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகம், பாட்டுச் சொல் கிடையாது. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு 'சுவாமி வந்துவிட்டது' என்று சொல்வதே அதுதான். கிழக்கு வீதி கடந்து தெற்கில் திரும்பும்போது ராகம் விரியத் தொடங்கும். தோடியோ காம்போதியோ, அவசரமே இல்லாமல். பிறகு கீர்த்தனை. சுவாமியை நிறுத்திவைத்துச் சமா வைக்கும்போதுதான் தவிலின் முறை வரும்.

இதைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. தொடையில் எட்டுத் தட்டுங்கள், ஆதி தாளம். முதலில் ஒருவர் நீளமாக வாசிப்பார், மற்றவர் பதில் சொல்வார். அப்புறம் அந்த நீளம் பாதியாகும், பாதியின் பாதியாகும். கேள்வியும் பதிலும் நெருங்கி நெருங்கி ஒரு கட்டத்தில் இரண்டு தவிலும் ஒன்றாகச் சேரும். இதுதான் குறைப்பு. முடிவில் ஒரே கோர்வை, அதாவது கோத்துவைத்த தாளச் சொற்கட்டு, மூன்று தரம் வந்து, உங்கள் கை தட்டுகிற அதே இடத்தில் வந்து விழும். அது விழும்போது சனம் தன்னை அறியாமல் "ஆ" என்று சொல்வதைக் கேட்பீர்கள். அந்த இரவு இரண்டாம் தரம் அது விழுந்தபோது அக்காவின் மகளும் சொன்னாள்.

(காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம். தவிலோடு ஒரு கலைஞர்.)

இணுவிலும் அளவெட்டியும் இந்தக் கலையால் பெயர் பெற்ற ஊர்கள். நாதஸ்வரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதன், தவிலில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்தார், 1975இல் மறைந்தார். அந்தக் குறுகிய ஆயுளுக்குள் தமிழ்நாட்டுப் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் விரும்பிக் கூட்டிப் போகிற தவிலாக இருந்தார். அவருடைய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன, தேடிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வீதிக்கு வாருங்கள்.

(காட்சி: வீதியோரம் கச்சான் கடை. பாயில் தூங்கும் பிள்ளைகள்.)

கொண்டுபோக வேண்டியது அதிகம் இல்லை. ஒரு பாய், தண்ணீர்ப் போத்தல், விடியப்புறம் பனிக்கு ஒரு சால்வை. பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்கிக் கொடுங்கள், தூக்கம் வந்தால் தூங்கட்டும். மேளச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைதான் நானும். தேர் பார்க்கப் போவதென்றால் காலை வெயிலோடு போய்விட்டு வாருங்கள், பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது.

சுவாமி வடக்கு வீதி தாண்டியதும் பாதிச் சனம் கலைந்துவிடும். நீங்கள் போகாதீர்கள். வாசலுக்கு முன்னால், ஐம்பது பேர் மட்டும் நிற்கும்போது, அவசரம் இல்லாமல் ஒரு நீலாம்பரி ராகம் வாசிப்பார்கள். அதற்காகவே நான் விடியும்வரை நிற்கிறேன்.