ஊர்க் கை எழுதிய கணக்கு

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமார்களே, வணக்கம்.

கண்ணதாசனைக் கவியரசர் ஆக்கியது பிறந்த மண்ணா, பிழைக்கப் போன பட்டணமா என்பது தலைப்பு. எட்டாம் வகுப்போடு நின்ற பையனுக்கு அரசியல், பத்திரிகை, சினிமா மூன்றையும் கொடுத்தது சென்னைதான் என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். மேடை கொடுத்தது சென்னை. சரி, ஒப்புக்கொள்கிறேன். மேடை ஏறியவரிடம் இருந்த சரக்கு ஊர்ச் சரக்கு.

1927 ஜூன் 24இல் காரைக்குடிப் பக்கத்துச் சிறுகூடற்பட்டியில் பிறந்தவர் முத்தையா, அதுதான் கண்ணதாசனின் இயற்பெயர். வேறொரு வீட்டார் 7000 ரூபாய் கொடுத்து அவரைப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள், அதாவது தத்து எடுத்தார்கள். அங்கே பெயர் நாராயணன். பிள்ளை கூட்டுவது நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான். ஆனால் பெற்ற தாய் ஒரு வீட்டிலும் வளர்த்த தாய் ஒரு வீட்டிலுமாக இருந்த பிள்ளைக்கு, உறவு என்ற சொல்லின் எடை மற்றவர்களைவிடச் சீக்கிரமே தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். கண்ணதாசன் என்ற பெயராவது சென்னை வைத்ததா? அதுவும் இல்லை. 1944இல் புதுக்கோட்டைப் பக்கத்துத் 'திருமகள்' பத்திரிகைக்குப் போனபோது வந்த பெயர் அது.

பாசமலர் படத்துக்கு அவர் எழுதிய தாலாட்டை நினைத்துப் பாருங்கள். மாமன் தங்கக் கடியாரமும் வைர மணியாரமும் தந்து மணம் பேசுவார் என்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குச் சொல்கிற பாட்டு. எங்கள் அப்பத்தா வீட்டு உள்முற்றமான வளவில் தூணில் சாய்ந்துகொண்டு, ஒரு காலால் தொட்டிலை ஆட்டியபடி பாடும்போதும் மாமன் கொண்டுவரும் சீரைத்தான் வரிசையாகச் சொல்லுவார். அப்பத்தா சினிமாவே பார்த்ததில்லை. அப்படிப் பாடும் முறை கண்ணதாசனுக்கும் அப்பத்தாவுக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது.

அப்புறம் கம்பன். காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய 1939இல் முத்தையாவுக்கு வயது பதினொன்று, பன்னிரண்டு. பின்னாளில் திராவிட இயக்கத்தில் இருந்தபோது கம்பனைக் குறை சொல்வதற்காகவே படிக்க உட்கார்ந்தார், படித்துக் கம்பனுக்கே அடிமையானார். பட்டணத்து அரசியல் எதிர்க்கச் சொல்லி அனுப்பியது. ஊர்க்காற்றில் கலந்திருந்த தமிழ் அவரை மடக்கிப் போட்டது.

சம்பாதித்த பணத்தை எதில் போட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1959இல் 'சிவகங்கைச் சீமை' எடுத்தார், மருதுபாண்டியர் கதை. 1801இல் அவர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூர் சிறுகூடற்பட்டிக்குப் பக்கத்து ஊர். அதே ஆண்டு கட்டபொம்மன் படம் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தபோது இவர் தன் சீமையின் கதையைச் சொன்னார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 'வனவாச'த்தைப் பற்றி. தன் வாழ்க்கையை 'அவன்' என்று எட்ட நிறுத்தி எழுதிய புத்தகம். குடித்தது, தப்பான இடங்களுக்குப் போனது, கட்சியில் இருந்தபோது செய்தது எதையும் மறைக்கவில்லை. இந்தத் துணிச்சல் அவருக்கு எப்படி வந்தது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அலமாரியில் ஐயா பர்மாவில் தொழில் செய்த காலத்துக் கணக்குப் பேரேடு ஒன்று இருக்கிறது. மேலே சிவமயம், கீழே வரவு, பற்று. அவ்வளவும் போய்விட்ட வருஷத்தில்கூடக் கையெழுத்து கோணவில்லை. இலாபத்தை எழுதிய அதே மையில், அதே அளவு எழுத்தில் நட்டத்தையும் எழுதியிருக்கிறார். வனவாசத்தைப் படித்துவிட்டு அந்தப் பேரேட்டைத் திறந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணக்கை மறைக்கக்கூடாது என்று, கணக்கெழுதும் பெட்டியடியில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஊர் இது. அந்தப் பழக்கத்தைத்தான் அவர் எழுத்துக்குக் கொண்டுபோனார்.

'சேரமான் காதலி' நாவலுக்கு 1980இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 17இல் சிகாகோவில் காலமானார். புகழ் அவ்வளவு தூரம் அழைத்துப் போனது உண்மை. ஆனால் பட்டணத்தில் பட்டதுக்கும் கெட்டதுக்கும் கணக்கு எழுதியது ஊர்க் கை.

எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.