பெர்த்தாவைப் பெரிதாக்கியபோது

நேயர்களுக்கு வணக்கம். ராக்கெட் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, இஸ்ரோவைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் ஒரு மீட்டர் உயர ராக்கெட்டைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். நான் பாலிடெக்னிக் பட்டறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து கட்டிய ராக்கெட் அது.

அதற்கு ஒரு மூலம் உண்டு. பிக் பெர்த்தா என்று பெயர். அமெரிக்காவில் எஸ்டெஸ் என்ற நிறுவனம் 1960-களிலிருந்து விற்றுவரும் மாதிரி ராக்கெட். உயரம் 61 சென்டிமீட்டர், விட்டம் 41.6 மில்லிமீட்டர். அட்டைக் குழாய், பால்சா என்ற லேசான மரத்தில் வாலில் நான்கு பெரிய துடுப்புகள், மழுங்கிய மூக்கு, அவ்வளவுதான். நிதானமாகக் கிளம்பும், கண்ணுக்குத் தெரியும்படி ஏறும், பாராசூட்டில் இறங்கும்.

இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிவைத்தவர் யார் தெரியுமா? நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். அவருக்கு வாணவேடிக்கையில் பித்து. 1954-இல், விமானப் பொம்மை கட்டுவதில் தேர்ந்த தன் சகோதரருடன் சேர்ந்து முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தார். மோட்டாரை, அதாவது மருந்து அடைத்து எரிகிற குழலை, பிள்ளைகள் தொட்டுச் செய்யக் கூடாது, கடையிலிருந்து முடிந்த பொருளாக வர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பின்னால், பட்டாசுத் தொழில் செய்த குடும்பத்தில் வந்த வெர்ன் எஸ்டெஸ் அந்தச் சின்ன மோட்டார்களைத் தானாகவே செய்து தள்ளும் ஓர் இயந்திரத்தை அமைத்தார். அதற்கு மேபல் என்று பெயரும் வைத்தார்.

சரி, நம் மாடிக்கு வருவோம். எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை, பிளம்பிங் கடை முடிவு செய்தது. பேனர் கடைகளில் ஃப்ளெக்ஸ் சுற்றி வரும் அட்டைக் குழாய் இலவசமாகவே கிடைக்கும், ஆனால் சுவர் தடிமன், ராக்கெட்டுக்குக் கனம் அதிகமாகிவிடும். அதனால் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயை அச்சாக வைத்து, மெழுகு தடவி, பழுப்புத் தாளைப் பசையோடு அடுக்கடுக்காகச் சுற்றிக் காயவைத்து உருவினோம். 75-ஐ 41.6-ஆல் வகுத்தால் 1.8. ஆகவே உயரம் 110 சென்டிமீட்டர். ஒரு பெண் பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னாள், 1967-இல் கேரளத்துத் தும்பா ஏவுதளத்திலிருந்து போன முதல் ரோகிணி ராக்கெட்டின் பெயர் ஆர்எச் 75, அந்த 75-ம் மில்லிமீட்டரில் விட்டம்தான் என்று. அதற்குப் பிறகு அதை ரோகிணி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

எல்லா அளவையும் 1.8-ஆல் பெருக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. நீளம் 1.8 மடங்கு ஆகும்போது பரப்பு 3.24 மடங்கு ஆகிறது, கன அளவு கிட்டத்தட்ட 6 மடங்கு. எடை கன அளவோடு போகும். பசையின் பிடி பரப்போடு போகும். காற்று இதில் எதையும் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. வெளித்தோற்றத்தைப் பெரிதாக்கலாம், உள்ளே இருப்பதைப் புதிதாகத்தான் யோசிக்க வேண்டும்.

துடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன பெர்த்தாவில் துடுப்பைக் குழாயின் மேல் பசை வைத்து ஒட்டினால் போதும். பெரியதில் அப்படி ஒட்டினால், இறங்கும்போது தரையில் பட்ட அடியில் தாளோடு பிய்த்துக்கொண்டு வரும். குழாயில் நீளவாக்கில் நான்கு வெட்டு வெட்டி, துடுப்பை உள்ளே செருகி, நடுவில் இருக்கும் மோட்டார் குழாயோடு சேர்த்து ஒட்ட வேண்டும். 3 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டோம். ஓரத்தில் அரால்டைட்டை ஐஸ் குச்சியால் இழுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக நீவினால் கண்ணாடி போல ஒரு குழிவு வரும். இந்த வேலைக்கு எந்தப் பையனையும் நான் அவசரப்படுத்தியதில்லை.

ஆனால் பிளைவுட் பால்சாவைப் போல நான்கு மடங்கு கனம். அந்தக் கனம் முழுவதும் வாலில். பெரிய மோட்டாரும் வாலில். ராக்கெட் நேராகப் போக வேண்டுமானால் அதன் எடை மையம் முன்னாலும், காற்று தள்ளுகிற அழுத்த மையம் பின்னாலும் இருக்க வேண்டும், இடைவெளி குறைந்தது ஒரு விட்டமாவது வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. தீபாவளி ராக்கெட்டில் இந்த வேலையைத்தான் அந்த நீளக் குச்சி செய்கிறது. வடிவம் அதேதான் என்பதால் அழுத்த மையம் அதே விகிதத்தில் அதே இடத்தில் நிற்கிறது. எடை மையம் மட்டும் பின்னால் நழுவுகிறது. சின்னது ஒழுங்காகப் பறக்க, அச்சு அசலாக அதே போன்ற பெரியது கரணம் போடுவது இதனால்தான்.

அழுத்த மையத்தைக் கணக்குப்போட நாசா பொறியாளர் ஜேம்ஸ் பேரோமன் 1966-இல் ஒரு வழி சொன்னார். இன்று கணினி நொடியில் செய்துவிடும். எனக்கென்னவோ பழைய முறைதான் பிடிக்கும். காலண்டர் அட்டையில் ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை வெட்டி, அளவுகோல் விளிம்பில் நிறுத்துங்கள். எந்த இடத்தில் சமனாக நிற்கிறதோ அதை அழுத்த மையமாக வைத்துக்கொள்ளலாம். உண்மையான இடம் அதற்கும் பின்னால் இருக்கும், அதனால் பயமில்லை.

எங்களுக்கு மூக்குதான் கைகொடுத்தது. கல்யாண முருங்கைக் கட்டையைக் கடைசல் பட்டறையில் கொடுத்து உருட்டி வாங்கினோம். குடைந்து எடையைக் குறைக்கலாம் என்றார் பட்டறைக்காரர். வேண்டாம் அண்ணே, கனம் இருக்கட்டும் என்றேன். அதன் அடியில் கொஞ்சம் எம்-சீலும் அப்பினோம். அப்புறம் மோட்டார் எடைக்கு ஈடாக ஒரு மணல் குப்பியை வாலில் செருகி, எடை மையத்தில் கயிறு கட்டி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் தலைக்கு மேலே சுழற்றினோம். மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றியது, நேராகப் பறக்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். சுண்டல் விற்கிற பையன் வியாபாரத்தை விட்டுவிட்டு நின்று பார்த்தான்.

பாராசூட்டுக்குப் பழைய லேடீஸ் குடைத் துணி. எட்டு மடிப்பு, எட்டு முனை, ஓரம் தைத்தே இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்? அரைக் கிலோ எடை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்க 75 சென்டிமீட்டர் விட்டம் போதும். மாடியிலிருந்து தண்ணீர் பாட்டில் கட்டிப் போட்டுப் பார்த்தோம். கடல்காற்று அதைப் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையில் கொண்டுபோய் மாட்டியது.

பறந்ததா என்று கேட்பீர்கள். பறந்தது, ஆனால் கடலூரில் அல்ல. ராக்கெட் மோட்டார் நம் நாட்டில் வெடிபொருள் கணக்கில் வருகிறது. 1884-ஆம் ஆண்டுச் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. உரிமம் இல்லாமல் மருந்தைத் தொடக்கூடாது. வீட்டில் மருந்து இடித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தம்பி, வேண்டவே வேண்டாம். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு லாஸ்பேட்டையில் விமான நிலையம் வேறு இருக்கிறது, வானத்தில் விமானமும் வரும். உடலைக் கட்டுவதற்கும், சுழற்றிப் பார்ப்பதற்கும், குடைத் துணியை மாடியிலிருந்து போடுவதற்கும் எந்தத் தடையும் இல்லை. கற்றுக்கொள்வதில் முக்கால் பங்கு அதில்தான் இருக்கிறது.

எங்கள் ராக்கெட் மோட்டார் இல்லாமல், இரண்டு துண்டாக, என் மகளின் பெட்டியில் அமெரிக்கா போனது. அங்கே மாதிரி ராக்கெட் சங்கம் ஒன்றின் வயல்வெளியில் எஃப் 50-6 என்ற மோட்டாரைப் பூட்டினார்கள். எஃப் என்பது மோட்டார் மொத்தமாகத் தரும் உந்தலின் (உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது) தரம், அடுத்தடுத்த எழுத்துக்கு உச்ச வரம்பு இரண்டு மடங்கு. 50 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 6 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட் வெளியே வர ஆகும் நொடிகள். மோட்டாரோடு சேர்த்து எடை 600 கிராமுக்குள் இருந்ததால், எடையைப் போல எட்டு மடங்குக்கு மேல் உந்துவிசை. ஐந்து மடங்கு இருந்தாலே போதும் என்பார்கள். மகள் அனுப்பிய வீடியோவில், ஏவுகம்பியை விட்டு அது நிமிர்ந்து கிளம்புவதை மாடியில் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 300 மீட்டர் போயிருக்கும். இறங்க ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்தை நம் கரைக்கு மாற்றிப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் கடல்காற்று என்றால் 300 மீட்டர் தள்ளிப் போய் விழும். ஏறும்போது ராக்கெட் காற்று வரும் பக்கம் சாயும், இறங்கும்போது காற்றோடு போகும். பிற்பகலில் விட்டால் கடல் பக்கம் சாய்ந்து கரைக்குத் திரும்பும். விடியற்காலையில் நிலக்காற்றில் விட்டால் நேரே வங்கக் கடல்தான்.

இப்போது பிள்ளைகள் 110 மில்லிமீட்டர் குழாயை மாடிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். 2.64 மடங்கு, உயரம் ஒரு மீட்டர் அறுபதுக்கு மேல். எடையைக் கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். இத்தனை நீளத்தை எந்தப் பெட்டியில் வைப்பது என்று மகள் போனில் சண்டை போடுகிறாள். நன்றி, வணக்கம்.