டெர்மினலைக் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே, நேராகத் திரைக்கே போய்விடலாம். இதோ, டெர்மினலில் தட்டுகிற வரியைத் திருப்பிக் காட்டும் கேட் (cat) கமாண்டை மட்டும் ஓட்டிவிட்டு ஏதோ எழுதுகிறேன், பேக்ஸ்பேஸால் அழிக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன், இந்த அடித்தல் திருத்தல் எதுவுமே அந்த நிரலுக்குத் தெரியாது, என்டர் தட்டிய பிறகுதான் முழு வரியாக அதற்குப் போய்ச் சேரும். நடுவில் இருந்து வரியைச் சேர்த்து வைப்பது கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், இருக்கும் லைன் டிசிப்ளின். இப்படி வரிவரியாகக் கொடுக்கும் முறைதான் கேனானிக்கல் மோட். லினக்ஸில் இப்படி ஒரு வரிக்கு 4096 பைட்தான் இடம், அதைவிட நீளமான வரியை இங்கே பேஸ்ட் செய்தால் மிச்சம் தொலைந்துபோகும்.

சரி, எடிட்டருக்கோ விளையாட்டுக்கோ இது ஒத்துவராது, ஒவ்வொரு கீயும் தட்டிய உடனே வேண்டும். அப்போது டெர்மினலின் அமைப்புகளை வைத்திருக்கும் டெர்மியோஸ் (termios) தொகுப்பில், வரியாகச் சேர்க்கும் ஐகேனான் (ICANON), தட்டியதைத் திரையில் காட்டும் எக்கோ (ECHO) என்ற இரண்டு கொடிகளையும், அதாவது ஆன்-ஆஃப் சுவிட்சுகளையும், அணைக்கிறோம். விமின் (VMIN) என்பது குறைந்தது எத்தனை பைட் வேண்டும் என்பது, விடைம் (VTIME) என்பது 0.1 நொடிக் கணக்கில் காத்திருக்கும் நேரம். விமின் 1, விடைம் 0 என்று வைத்தால் ஒரு பைட் வரும்வரை, உள்ளீட்டைப் படிக்கும் ரீட் (read) அழைப்பு காத்திருக்கும். விமின் 0, விடைம் 1 என்றால் 0.1 நொடியில் எதுவும் வராவிட்டால் வெறுங்கையோடு திரும்பிவிடும். கன்ட்ரோல்-சி போன்ற கீகளைச் சிக்னலாக, அதாவது நிரலுக்குக் கர்னல் அனுப்பும் அறிவிப்பாக, மாற்றும் ஐசிக் (ISIG) கொடியைத் தேவையில்லாமல் தொடாதீர்கள், அதை அணைத்தால் கன்ட்ரோல்-சி நிரலை நிறுத்தாது, 3 என்ற வெறும் பைட்டாக உள்ளே வரும், பயன்படுத்துகிறவர் வெளியேற வழி தெரியாமல் தவிப்பார்.

இந்த வீடியோவே அடுத்த விஷயத்துக்காகத்தான். இந்த அமைப்புகள் உங்கள் நிரலுக்குச் சொந்தமில்லை, டெர்மினலுக்குச் சொந்தம். நிரல் முடிந்தாலும் அவை அப்படியே இருக்கும், அதனால்தான் சில நேரம் ஷெல்லுக்கு, அதாவது கமாண்ட் தட்டும் இடத்துக்கு, திரும்பியதும் தட்டுகிற எழுத்தே தெரிவதில்லை. விண்டோஸ் கன்சோலிலும் இதே கதைதான், அங்கே மோட், உள்ளீடு சேரும் இன்புட் பஃபரோடு ஒட்டியிருக்கும். ஆகவே மாற்றும் முன் பழையதை எடுத்து வையுங்கள், பிழையில் வெளியேறினாலும் சிக்னலில் செத்தாலும் திருப்பி வையுங்கள். நிரலைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் கன்ட்ரோல்-இசட்டை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: தூங்கப் போகும் முன் பழைய மோட், எழுந்ததும் மறுபடி உங்கள் மோட்.

நிரலைக் கட்டாயமாகக் கொல்லும் சிக்கில் (SIGKILL, எண் 9) சிக்னல் வந்தால் மட்டும் நிரலால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் டெர்மினலை இயல்பு நிலைக்குக் கொண்டுவரும் எஸ்டிடிஒய் சேன் (stty sane) என்று தட்டுங்கள், என்டரும் வேலை செய்யவில்லையென்றால் அதற்குப் பதில் கன்ட்ரோல்-ஜே.