உப்பிட்டவரை உள்ளளவும்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, இந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பந்தலும் நாற்காலியும் கொடுத்து உதவின அரிசி ஆலை முதலாளி ஐயா அவர்களே, விடியக்காலையிலேயே வந்து அடுப்பு மூட்டின மகளிர் குழுத் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. தலைமையாசிரியை அம்மா எங்க பேத்தி கையைப் பிடிச்சு 'அ' எழுத வெச்சவங்க. அவங்க முன்னால நின்னு பேசறது எனக்குப் பெருமைங்க.

சாப்பாட்டைப் பத்திப் பேசச் சொன்னாங்க. மூணு விசயம் சொல்றேன். நினைப்பு, அடையாளம், குடும்பம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொன்னதுல இந்த மூணும் அடங்கியிருக்குங்க.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்க அம்மிச்சி, எங்கம்மாவைப் பெத்தவங்க ஊடு. ஆடிப் பதினெட்டு நோம்பின்னா, இடியாப்பமாட்டம் நூல் நூலா இருக்கற சந்தகைதான். புழுங்கலரிசியை ஊறவெச்சு ஆட்டி, இட்லியா ஊத்தி, ஈடு இறக்கின சூட்டோட அச்சுல போட்டுப் பிழியோணும். மூணு கால் வெச்ச இரும்பு அச்சு. ஒருத்தர் காலை அமுத்திப் பிடிச்சாத்தான் இன்னொருத்தர் கைப்பிடியைத் திருக முடியும். ஒரு வருசம் எங்க பெரிய மாமனும் சின்ன மாமனும் பேச்சுவார்த்தை இல்லை. கிணத்துல தண்ணி முறை, அதுல ஆரம்பிச்ச சண்டை. ஒரே வாசல், ரெண்டு அடுப்பு, ரெண்டு வருசம்! அம்மிச்சி எதுவும் கேக்கலை. ஈட்டை இறக்கி வெச்சுட்டு, "ஆறிப்போச்சுன்னா இறங்காது, ஆளுக்கொரு பக்கம் புடிங்கடா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. ரெண்டு பேரும் நின்னாங்க. ஆவி பறக்குது. கடைசில பெரியவர் குந்திக் காலைப் பிடிச்சாரு, சின்னவர் திருகினாரு. நூல் நூலா இறங்குது. அச்சு ஆடுச்சு. "நல்லாப் புடிண்ணா"ன்னாரு சின்னவர். ரெண்டு வருசத்துக்கப்புறம் முதல் பேச்சு அதுதானுங்க. அன்னைக்குத் தேங்காப்பால் ஊத்தித் தின்ன சந்தகை இன்னும் என் நாக்குல இருக்குது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை!

அந்தக் காலத்துல அரிசிப் பண்டம் நோம்பிக்குத்தான். 1955-ல பவானிசாகர் அணை வந்து கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி ஓடறதுக்கு முன்னால, மழையை நம்பின நம்ம மேட்டாங்காட்டுல விளைஞ்சது கம்பு, சோளம், ராகி. நம்மளை வளர்த்தது களியும் கூழுமுங்க. இன்னைக்கு எங்க பேரனுக்குக் களியைப் பிச்சு, கொழம்புல தொட்டு, மெல்லாம முழுங்கத் தெரியலை. அவனைக் குத்தம் சொல்லி என்ன? ஊட்டுல மாவு இருந்தாத்தானே கிண்டறதுக்கு.

அதனாலதான் நான் விடாம கேட்டுட்டிருக்கேன். 2023-ல நீலகிரியிலயும் தருமபுரியிலயும் ரேசன் கடையில 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி கொடுத்தாங்க. நம்ம ஊர்க் கடைக்கும் அது வரோணுமுங்க. வேணுங்கறவங்க வாங்கிக்கட்டும். நம்ம காட்டுல விளையற ராகியையே அரசாங்கம் நல்ல விலைக்கு எடுக்கட்டும். நம்மளுக்கு உப்பிட்டது இந்த மேட்டாங்காடுதானுங்களே, அதை நினைக்க வேண்டாமா?

கலெக்டருக்கு மனு எழுதிப் பந்தல் வாசல்ல வெச்சிருக்குது. ஊட்டுக்கு ஒருத்தர் கையெழுத்துப் போட்டு, குடும்ப அட்டை நம்பரையும் எழுதுங்க. பக்கத்துலயே கம்பங்கூழ் கரைச்சு வெச்சிருக்காங்க, கடிச்சுக்கச் சின்ன வெங்காயமும் மோர் மொளகாயும் இருக்குது. கொழந்தைகளுக்கு முதல்ல ஊத்துங்க. வணக்கமுங்க.